அண்ணாச்சி பதில்கள்: சொதிக்குள் வந்த உருளைக்கிழங்கு

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, போகிறபோக்கில், "திருநெல்வேலிக்காரன் எந்த நாட்டுக்குப் போனாலும் பெட்டியில் கருப்பட்டி இருக்கும், வாயில் 'ஏல' இருக்கும்" என்று ஒரு வரி எழுதிவைத்தேன். அது இப்படி வினையாகும் என்று நினைக்கவில்லை. இப்போது கருப்பட்டியை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டு ஒருவர், 'அடே' மாதிரிக் கூப்பிடுகிற 'ஏல'வைத் தூக்கிப்பிடிக்கிறீர்களே அது மரியாதையா என்று ஒருவர், உலகமயத்தில் நம் பண்பாடே போய்க்கொண்டிருக்கிறது, நீங்கள் கருப்பட்டிக் கதை பேசுகிறீர்கள் என்று ஒருவர். சரி, இந்த முறை சினிமாக் கேள்விகளையும் தேர்தல் கேள்விகளையும் ஒதுக்கிவிட்டு இந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் கல்லூரியைச் சுற்றிப் பீட்சா கடையும் பர்கர் கடையுமாக வந்துவிட்டன. வகுப்பில் பாதிப் பேருக்கு உளுந்தஞ்சோறு என்றால் என்னவென்று தெரியவில்லை. வெளிநாட்டு உணவை மொத்தமாகப் புறக்கணித்தால்தானே நம் உணவு பிழைக்கும், அண்ணாச்சி?
— கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

மொத்தமாகவா? அப்படியென்றால் சொதியிலிருந்து தொடங்க வேண்டியிருக்குமே தம்பி, பரவாயில்லையா?

கல்யாணம் முடிந்து மறுவீட்டுச் சாப்பாடு என்றால் நம் பக்கத்துச் சைவ வீடுகளில் மாப்பிள்ளைச் சொதி இல்லாமல் இலை விழாது. தேங்காயைத் துருவி முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்து, பாசிப்பருப்பை வேகவைத்து, காய்களை மூன்றாம் பாலில் வேகவிட்டு, கடைசியில் முதல் பாலை ஊற்றித் திரிந்துபோகும் முன் இறக்கி, எலுமிச்சை பிழிந்து, பக்கத்தில் இஞ்சித் துவையல் வைத்தால், இதைவிடத் திருநெல்வேலி என்று எதைச் சொல்வீர்கள்? ஆனால் சட்டிக்குள் கிடப்பவர்களைக் கொஞ்சம் விசாரியுங்கள். உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரர். பீன்ஸும் அந்தக் கண்டத்து ஆள்தான். காரத்துக்குப் போடுகிற பச்சை மிளகாய் 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்து இறங்கியது. தேங்காயும் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும்தான் உள்ளூர்க்காரர்கள்.

சந்தேகமிருந்தால் திவசத்தன்று அடுக்களையை எட்டிப் பாருங்கள். பல வீடுகளில் அன்றைக்கு 'இங்கிலீஷ் காய்' கிடையாது. வாழைக்காய், சேனை, பாகல், புடலை என்றுதான் சமைப்பார்கள், மிளகாய்க்குப் பதில் மிளகு. முன்னோருக்கு அறிமுகமில்லாதவர்களை அவர்கள் இலையில் உட்காரவைக்கக் கூடாது என்கிற நாகரிகம் போலிருக்கிறது. கல்யாணத்துக்கு வந்துவிட்ட உருளைக்கிழங்கு திவசத்துக்கு மட்டும் இன்னும் வாசலிலேயே நிற்கிறது.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதில் இருக்கும் நிலக்கடலை தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. தூத்துக்குடி மக்ரூனில் முந்திரி பிரேசில்காரர், பெயர் ஐரோப்பாக்காரர், செய்கிற கை மட்டும் நம்முடையது. ஆனால் அந்தக் கைதான் விஷயமே. வெளியிலிருந்து வந்ததெல்லாம் அப்போது நம் அடுக்களையில் வந்து நின்று, நம் ஆச்சிமார் சொன்னபடி கேட்டது. தேங்காய்ப்பாலில் குளி என்றால் குளித்தது, வெல்லப்பாகில் விழு என்றால் விழுந்தது. இப்போது வருகிற பர்கர் அப்படிக் கேட்காது. டெல்லியில் என்ன அளவு, என்ன சாஸ், என்ன டப்பாவோ அதேதான் பாளையங்கோட்டையிலும். உங்கள் ஊர்க் கடைக்காரரே ஆசைப்பட்டாலும் அதில் ஒரு பிடி தேங்காய்த் துருவலைப் போட அவருக்கு உரிமையில்லை, ஒப்பந்தம் விடாது. எனக்கு வருத்தம் அங்கேதான். பண்டம் வெளிநாட்டிலிருந்து வந்ததைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை.

உளுந்தஞ்சோற்றுக்கு வருவோம். தொலியோடு கறுப்பு உளுந்து, புழுங்கலரிசி, கொஞ்சம் வெந்தயம், பத்துப் பல் பூண்டு, தேங்காய்த் துருவல். எல்லாவற்றையும் குக்கரில் போட்டு உப்புப் போட்டு மூடிவிடலாம், தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். விடுதியில் சமைக்கிற அக்காவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பாருங்கள். புறக்கணிப்புப் போராட்டத்துக்கு ஆகிற செலவைவிடக் குறைவு.

இருட்டுக்கடை அல்வாவை உலகமே திருநெல்வேலி அல்வா என்கிறது. அந்தக் கடையைத் தொடங்கிய குடும்பம் ராஜஸ்தானிலிருந்து வந்தவர்கள் என்கிறார்களே, அப்படியானால் அது நம்முடையதுதானா?
— வாசகர், திருநெல்வேலி டவுன்

ராஜபுத்திரக் குடும்பம்தான். கூடவே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், 'அல்வா' என்ற சொல் அரபி. கோதுமையும் நம் வயலில் விளைகிற சரக்கில்லை. ஆனால் அதை ஊறவைத்து, அரைத்துப் பாலெடுத்து, ஒரு ராத்திரி தெளியவிட்டு, அடிப்பிடிக்காமல் கை ஓயக் கிண்டி, சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாழையிலைத் துண்டில் வாங்கிக் கடை வாசலிலேயே நின்று தின்றுவிட்டுக் கையைக்கூடத் துடைக்காமல் நடக்கிற அந்தப் பழக்கத்தை வேறு எந்த ஊர்க்காரன் உரிமை கொண்டாடுவான்? தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்து இந்த ஊருக்கே பெயர் வாங்கிக்கொடுத்தவர்களை வந்தவர்கள் என்று சொன்னால், நாம்தான் அவர்களுக்கு அல்வா கொடுக்கிறோம்.

என் மகனுக்கு ஒன்பது வயது. சனிக்கிழமைதோறும் இங்கே தமிழ்ப் பள்ளிக்குப் போகிறான். லீவுக்கு ஊருக்கு வந்தபோது என் அம்மா, "ஏல, தொறவாவ எடுத்துட்டு வா, அந்த வாரியல ஓரமா வையி" என்றதும் விழித்துக்கொண்டு நின்றான். "ஆச்சி பேசுறது தப்பான தமிழாம்மா?" என்று என்னிடம் கேட்டான். அவனுக்கு எந்தத் தமிழைச் சொல்லிக்கொடுப்பது?
— வாசகி, சிட்னி (சொந்த ஊர் அம்பாசமுத்திரம்)

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன், தப்பாக நினைக்காதீர்கள் தாயி. உங்கள் மகனிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: திறவுகோல் என்றால் என்ன? தமிழ்ப் பள்ளியில் படிக்கிற பிள்ளை, டக்கென்று சொல்லிவிடுவான். அந்தத் திறவுகோல்தான் ஆச்சி வாயில் தேய்ந்து தேய்ந்து 'தொறவா' ஆகியிருக்கிறது. ('வாரியல்' துடைப்பம்.) நடுவில் நீங்கள் வீட்டில் என்ன சொல்கிறீர்கள்? 'சாவி' என்றுதானே? அது போர்ச்சுக்கீசியச் சொல். மேசை, ஜன்னல், அலமாரி எல்லாமே அந்தக் கப்பலில் வந்தவைதான். ஆக, ஆச்சியும் பேரனும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள், இடையில் நிற்கும் அம்மாதான் போர்ச்சுக்கல்லில் இருக்கிறார்!

அதற்காகச் 'சாவி'யைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, நானூறு ஐந்நூறு வருஷமாகப் புழங்குகிற சொல் நம் சொல்தான். தொட்டுக்கொள்கிற கறிக்கு உங்கள் அம்மா சொல்கிற 'வெஞ்சனம்' வடமொழியிலிருந்து வந்தது, அதுவும் நம் சொல்தான். பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது என்னவென்றால், ஆச்சி பேசுவது தப்பான தமிழ் இல்லை, அம்பாசமுத்திரத்துத் தமிழ். அதற்கும் இலக்கணம் உண்டு. "தாத்தா வந்தாவ" என்று உங்கள் அம்மா சொல்வார், கவனித்துப் பாருங்கள், அந்த 'வந்தாவ'வில் இருக்கிற மரியாதை பள்ளிக்கூடத்து 'வந்தார்' என்பதில்கூட எனக்குத் தெரிவதில்லை. 'ஏல'வுக்கும் விதி உண்டு. ஆச்சி பேரனைச் சொன்னால் கொஞ்சல், பேரன் ஆச்சியைச் சொன்னால் முதுகில் ஒன்று விழும். இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தராது. (மரியாதையா என்று கேட்டிருந்த கடையநல்லூர் வாசகருக்கும் இதுதான் பதில், யார் யாரைச் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.)

நான் வேலைக்காகச் சென்னைக்குப் போன புதிதில் என் பேச்சை மறைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் மத்தியான டீ நேரத்தில், "எங்கே, உங்க ஊர்ப் பேச்சுல ஒண்ணு சொல்லுங்க" என்பார்கள். நான் 'ஏல' என்றதும் சிரிப்பார்கள். சினிமாவில் அரிவாளைத் தூக்குகிறவன் எல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சைப் பேசினால் வேறு என்ன ஆகும்? இரண்டு வருஷத்தில் நாக்கைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டேன். அப்புறம் ஒருநாள் ஊருக்குப் போன் போட்டபோது என் அம்மா, "யாரு பேசுதது?" என்று கேட்டாள். அதை விடுங்கள்.

வீடியோவில் "ஆச்சிக்கு ஹாய் சொல்லு" என்று பிள்ளையை இழுத்து நிறுத்தாதீர்கள், இரண்டு பேருக்கும் சங்கடம். அதற்குப் பதில் அவனுக்கு ஒரு சோலி கொடுங்கள். கொழுக்கட்டைக்கு மாவு எப்படிக் கிளறுவது, அந்தக் காலத்தில் குற்றாலத்துக்கு எப்படிப் போனார்கள் என்று அவனையே கேட்கச் சொல்லுங்கள். ஆச்சிக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டால் போதும், அவன் போன் எப்போது முடியும் என்று நீங்கள் காத்துக்கொண்டிருப்பீர்கள்.

அமெரிக்க மாப்பிள்ளை ஒருவர் தாலி கட்டும்போது ஒட்டிக்கொள்கிற வேட்டி கட்டியிருந்தார். இதுவா பாரம்பரியம்?
— வாசகர், சேரன்மகாதேவி

வேட்டி நின்றதா? நின்றது என்றால் மேற்கொண்டு விசாரணை வேண்டாம்.

மே 21-ஐப் பண்பாட்டுப் பன்முகத்தன்மைக்கான நாள் என்று ஐ.நா. கொண்டாடுகிறதாம். எல்லாருக்கும் ஒரே பண்பாடு வந்துவிட்டால் சண்டை குறையாதா? பன்முகம் இருந்தால் என்ன லாபம்?
— வாசகர், களக்காடு

2001 நவம்பர் 2-ஆம் தேதி யுனெஸ்கோ ஒரு பிரகடனம் வெளியிட்டது. இயற்கைக்குப் பல்லுயிர்ப் பெருக்கம் எப்படியோ அப்படி மனித குலத்துக்குப் பண்பாட்டுப் பன்மை என்று அதன் முதல் பிரிவே சொல்கிறது. அடுத்த வருஷம் ஐ.நா. பொதுச்சபை மே 21-ஐ அதற்கான நாளாக அறிவித்தது. பிரகடன மொழி கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும், ஆனால் களக்காட்டுக்காரருக்கு விளக்குவது எளிது.

உங்கள் ஊர் மண்டிக்குப் போனால் ஏத்தன், கதலி, கோழிக்கூடு, செவ்வாழை, மொந்தன், பேயன் என்று தார்தாராகக் கிடக்கும். சிப்ஸுக்கு ஒன்று, கறிக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று, சாமிக்கு ஒன்று. உலகச் சந்தையில் அப்படி இல்லை. முன்பு 'குரோ மிஷல்' என்ற ஒரே ரகத்தை மத்திய அமெரிக்கா முழுக்க நட்டு ஏற்றுமதி செய்தார்கள். எல்லாம் ஒரே மரத்தின் பக்கக்கன்று மாதிரி, அச்சு அசல் ஒன்று. பனாமா வாடல் நோய் வந்தது. ஒரு மரத்துக்கு வந்தது எல்லா மரத்துக்கும் வந்தது. 1960-களில் அந்த ரகம் வணிகத்திலிருந்தே கழன்றுவிட்டது. அப்புறம் 'கேவண்டிஷ்' என்று இன்னொரே ரகத்துக்கு மாறினார்கள், இப்போது அதற்கும் புதுவகை வாடல் வந்திருக்கிறது. கோழிக்கூட்டுக்கு வியாதி வந்தால் களக்காட்டில் ஏத்தன் இருக்கும். எல்லாத் தோப்பிலும் ஒரே வாழை என்றால் வியாபாரிக்குச் சௌகரியம், வியாதிக்கும் சௌகரியம்.

சண்டை குறையுமா என்று கேட்டீர்களே, ஒரே தெரு, ஒரே கோயில், ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி வரப்புக்காக நடத்துகிற வழக்கு நம் நீதிமன்றங்களில் எத்தனை வருஷமாக ஓடுகிறது?

சிவகளையில் 5,000 ஆண்டுக்கு முந்தைய இரும்பு கிடைத்திருக்கிறது. நான் வாட்ஸ்அப்பில் தினமும் அதைப் பகிர்கிறேன். வடநாட்டு நண்பர் ஒருவர் வீண் பெருமை என்கிறார். பெருமைப்படுவது தவறா?
— வாசகர், ஸ்ரீவைகுண்டம்

தவறே இல்லை. சிவகளையில் இறந்தவர்களைப் புதைத்த முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று ஆய்வகம் சொன்னது. இரும்புக்குக் கி.மு. 3345 வரை போகிற காலக்கணிப்புகளைத் தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டது. ஆய்வாளர்கள் அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பேசட்டும், பேசினால்தான் உறுதிப்படும். நாம் முந்தியா அவர்கள் முந்தியா என்று ஓட்டப்பந்தயமாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள், அதில் அடுத்த குழி தோண்டுகிற வரைக்கும்தான் முதலிடம்.

எனக்கு இதைவிட ருசியான விஷயம் உங்கள் பக்கத்து ஆதிச்சநல்லூரில் இருக்கிறது. 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் வந்து தோண்டி, கிடைத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் தொல்லியல் துறை அதிகாரி அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தாழிகளோடு தங்க நெற்றிப்பட்டம், இரும்புக் கருவிகள், வெண்கலப் பொருள்கள் எல்லாம் கிடைத்தன. வெண்கலத்துக்குச் செம்பும் வெள்ளீயமும் வேண்டும். வெள்ளீயம் தாமிரபரணிக் கரையில் தோண்டி எடுக்கிற சரக்கா? எங்கிருந்தோ வந்திருக்கிறது. இங்கிருந்து முத்து போயிருக்கிறது, கிரேக்க மொழிப் பயணக் குறிப்புகளிலேயே நம் கொற்கைத் துறைமுகம் வருகிறது. உலகமயம் என்று நாம் இன்றைக்குப் பயப்படுகிறோமே, அந்தத் தாழிக்குள் படுத்திருந்தவர் அதில் கொடுக்கல் வாங்கல் செய்தவர். அவருடைய வெண்கலத்தை உருக்கிப் பிரித்தால் பாதி வெளியூர். நண்பரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவர் ஊருக்கும் அதில் பங்கு இருக்கலாம் என்றால் அவரும் உட்கார்ந்து கேட்பார்.

பகிர்வதற்கு நடுவில் ஒருநாள் நேரில் போய்வாருங்கள், உங்களுக்குப் பக்கம்தானே. போகிற வழியில் ஆற்றையும் பாருங்கள். 3,000 வருஷத் தாழியைக் கண்ணாடி போட்டுக் காக்கிறோம், பக்கத்தில் ஓடுகிற ஆற்றில் சாக்கடையை விடுகிறோம்.

எங்கள் பள்ளியில் பையன்கள் கையில் நிறம் நிறமாகக் கயிறு கட்டி வருகிறார்கள். கேட்டால், "எங்க பாரம்பரியம் சார், நீங்கதானே பாரம்பரியத்தை மறக்காதேன்னு சொன்னீங்க" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
— ஆசிரியர், தென்காசி மாவட்டம்

இந்தக் கேள்வி வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சீமையில் 'பெருமை' என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது, காரணம் இதுதான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் சாதியின் பேரில் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில் சாதியைக் காட்டும் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றெல்லாம் பரிந்துரைகள் உண்டு. சட்டம் போடுவது அரசின் வேலை. வகுப்பில் நீங்கள் செய்யக்கூடியது ஒரு கேள்வி. "உன் தாத்தா இந்தக் கயிற்றைக் கட்டியிருந்தாரா?" என்று கேளுங்கள். கட்டியிருக்கமாட்டார். இந்தச் சாயக்கயிறு நேற்றுக் கடைக்கு வந்தது. அதற்குப் பாரம்பரியம் என்று பெயர் வைத்தால் பிளாஸ்டிக் குடமும் பாரம்பரியம்தான்.

அப்புறம், அவர்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவைப் பற்றி எழுதிவரச் சொல்லுங்கள். வில்லுப்பாட்டுக்குக் குடம் யார் வனைந்தது? மாலை யார் கட்டினது? மகுடம் என்கிற தோல்வாத்தியத்தை அடித்து விடிய விடிய ஆடின கணியான் கூத்துக்காரர் எந்த ஊர்? யார் வெளுத்த துணியைச் சாமிக்குக் கட்டினார்கள்? ஒரு சாதி மட்டும் நின்று ஒரு கொடையை நடத்திவிட முடியுமா? அதே கட்டுரையில் இன்னொரு கேள்வியும் வேண்டும்: இத்தனை பேர் சேர்ந்து நடத்திய கொடையில் விடிந்ததும் யார் யாருக்கு எங்கே இலை போட்டார்கள்? இதையும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். நம் பாரம்பரியத்தில் மகுடத்தின் ஓசையும் இருந்தது, அதை அடித்தவரைத் தள்ளி உட்காரவைத்ததும் இருந்தது. எதை வைத்துக்கொள்வது எதைக் கொட்டுவது என்று பார்க்கத் தெரியாதவன் கையில் கயிறுதான் மிஞ்சும்.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. இனி அந்தத் தொழில் பிழைத்துவிடும்தானே?
— வாசகி, வீரவநல்லூர்

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் வந்து 2003-இல் நடைமுறைக்கு வந்தது. வேறு எங்கோ நெய்த பாயைப் 'பத்தமடை' என்று சொல்லி ஒருவன் விற்றால் தடுக்கலாம், அவ்வளவுதான் அதன் வேலை. உங்களை வாங்க வைக்க அதற்குத் தெரியாது.

ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, காயவைத்து, கீறி, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, திரும்ப வழித்து மெலிதாக்கி, சாயம் போட்டு, பருத்தி நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து அடித்து இறுக்குவார்கள். நல்ல பட்டுப்பாய் என்றால் கைக்குட்டை மாதிரி மடங்கும், மாதக்கணக்கில் வேலை. செய்கிறவர்களில் பெரும்பாலோர் இஸ்லாமியப் பெண்கள். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை, பொண்ணு பெயரையும் தேதியையும் அந்தப் பாயில் நெய்து கொடுப்பதும் அவர்கள்தான். பொட்டல்புதூர் பள்ளிவாசலில் நேர்ச்சை போடுகிற இந்துக்களைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். நமக்கு அது ஆச்சரியமாகவே தோன்றாது, பாயில் உட்கார்ந்துதானே தாலி கட்டினோம். இப்போது மண்டபத்தில் நாற்காலி, வீட்டில் கட்டில், விருந்தாளிக்குப் பிளாஸ்டிக் பாய். சபையில் வைக்கிற சீர்வரிசையில் காட்டிவிட்டு அப்படியே சுருட்டிவிடுகிறார்கள். பித்தளைப் பாத்திரம் மாதிரிதான் இதுவும், புழங்கினால் பளபளக்கும், பரணில் போட்டால் களிம்பேறும்.

எல்லாருக்கும் புத்தி சொல்கிறீர்களே அண்ணாச்சி, உங்கள் வீட்டில் என்ன புழங்குகிறது?
— வாசகர், மேலப்பாளையம்

மாட்டிவிட்டீர்களே. அம்மாவின் ஆட்டுரல் தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில் இருக்கிறது, மேலே துளசித் தொட்டி. ஓலைக் கொட்டானைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவன் மகள் கல்யாணத்துக்குப் பிளாஸ்டிக் பையில்தான் தேங்காய் கொடுத்தேன். உளுந்தஞ்சோறு சனிக்கிழமை உண்டு, அது ஒன்றுதான் கணக்கில் சேரும்.

பத்தமடைப் பாய் ஒன்றும் இருக்கிறது, எங்கள் கல்யாணத்துக்கு வந்தது, என் பெயரும் வீட்டம்மா பெயரும் போட்டது. பாழாகிவிடக் கூடாதென்று அலமாரிக்கு மேலே துணி சுற்றி வைத்திருந்தோம். வீரவநல்லூர் வாசகிக்குப் பதில் எழுதி முடித்துவிட்டு, கூச்சமாக இருந்ததால், நேற்று ராத்திரி இறக்கினேன். இத்தனை வருஷம் சுருண்டே கிடந்து பழகிவிட்டது, விரித்தால் மறுபடி சுருண்டுகொள்கிறது. நாலு மூலையிலும் நாலு தடித்த புத்தகத்தை ஏற்றி வைத்திருக்கிறேன். "என் பேரு இருக்கிற பக்கம் அகராதிய வைக்காதீங்க" என்று உள்ளேயிருந்து சத்தம் வருகிறது.